அவசரக் கணினி

அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நாள்தோறும் நின்றபடியே பிரயாணம் செய்பவர்கள் நாம். விரைவாகப் போகும்படி சாரதியை ஒருநாளும் நச்சரித்ததில்லை. அப்படிப்பட்ட நாமே வீட்டுக் கணினியை அதன் பிறவி வேகத்துக்கு மேலாக ஓட்டப் புறப்பட்டு, மூன்று வாரம் பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

காரியம் கசெற்றுகளில் தொடங்கிற்று. நம் தந்தையார் கோயிலில் கந்தபுராண படனத்துக்குப் பயன் சொல்லி வந்தவர். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, இவர் பொருள் விரிப்பார். அவர் குரல் பதிந்த 23 கசெற்றுகள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. நாடா நைந்து போகுமுன் அவற்றைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, கடல் கடந்து வாழும் சகோதரர்களுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தோம்.

நமது கணினியோ கைமாறி வந்தது. 2022இல் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய் வரை ஏறியபோது, ஆசிரியர் சம்பளத்தில் புதுக்கணினி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. வாங்கிய பெட்டிக்குள் இருந்தது 2011இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5 2500கே என்னும் புரொஸெஸர். ஒரு கசெற்றைச் சுத்தம் செய்ய அது அரை மணி நேரம் எடுத்தது.

பக்கத்து வீட்டு இளைஞர் கணினி திருத்துவதில் கெட்டிக்காரர். "சேர், கடைசியில இருக்கிற 'கே' எழுத்துக்கு அர்த்தம் தெரியுமா? இதைப் பூட்டாம விட்டிருக்கிறாங்க" என்றார். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை 33 என்ற எண்ணால் பெருக்கினால் 3.3 கிகாஹெர்ட்ஸ், அதுவே இதன் இயல்பு வேகம். அந்த 33ஐ 45 ஆக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். 'ஓவர்க்ளொக்கிங்' என்று இளைஞர் வழங்கும் வித்தை இதுதான். நாம் மாணவராயிருந்த 1998ஆம் ஆண்டிலேயே, 300 மெகாஹெர்ட்ஸ் செலரோன் ஒன்றைப் பலர் 450இல் ஓட்டிப் புகழடையச் செய்திருந்தார்கள். அப்போது கண்ணால் காணக் கிடைக்காத ஒன்றை நாற்பது வயதுக்கு மேல் செய்து பார்க்கும் சபலம் நமக்கு வந்துவிட்டது.

செய்த பெரும் பிழையை ஒப்புக்கொள்கிறோம். ஒரே இரவில் பெருக்கெண்ணை உயர்த்தினோம், வோல்டேஜை 1.2இலிருந்து 1.38க்கு ஏற்றினோம், நினைவகத்தின் வேகத்தையும் 1333இலிருந்து 1600க்குத் தள்ளினோம். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடம் "ஒரு வேளையில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்" என்று சொல்லிக்கொண்டு திரிகிற வாய் நம்முடையது!

நான்கு நாள் எல்லாம் சுகமாக நடந்தது. ஐந்தாம் நாள் திரை உறைந்து நின்றது. ஆறாம் நாள் நீலத் திரை தோன்றி மறைந்தது. மின்சாரத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கவேண்டுமென்று ஒரு வாரம் பழிபோட்டோம். அபாண்டம்! 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி சிறு ஏற்றத்தாழ்வுகளைத் தானே சமாளித்துக்கொள்ளும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இதற்கிடையில் வேறொரு விபரீதம். சுத்தம் செய்த ஒலியில், தந்தையார் பேச்சின் நடுவே 'படக்' என்று வெடிக்கும் ஓசை கேட்டது. நாடா பழசு என்று எண்ணினோம். மகள் அப்படி எண்ணவில்லை. "அப்பா, அதே கோப்பை இன்னொரு தரம் சுத்தம் செய்து பாருங்களேன்" என்றாள். செய்தோம். முதல் தடவை 12ஆம் நிமிடத்தில் கேட்ட வெடிப்பு இப்போது அங்கே இல்லை. 31ஆம் நிமிடத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. நாடாவின் குற்றமானால் இடம் மாறுமா? கணினிதான் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தது. உறைந்து நிற்கிற கணினி தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. பிழையாகக் கணக்கிட்டுவிட்டுச் சாதுவாக இருக்கும் கணினியல்லவோ பயங்கரம்!

அன்று மாலையே ஒரு கசெற்றைத் திரும்பச் சுற்றும்போது நாடா கசங்கி அறுந்தது. அதன் பதிவுக் கோப்பைத் திறந்தால், சுத்தம் செய்யாத மூலப் பதிவிலேயே, எத்தனை தரம் போட்டாலும் ஒரே இடத்தில், தந்தையாரின் ஒரு வாக்கியத்தை விழுங்கியபடி வெடிப்பு நின்றது. பதிவான வேளையிலேயே புகுந்த பிழை அது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் முறையாகத் தொடங்கினோம். முதலில் பயோஸில் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்தோம். வெடிப்பு ஒன்றுமில்லை. ஆகவே பொருளில் பழுதில்லை, நமது அவசரத்தில்தான் பழுது. பிறகு நினைவகத்தை மட்டும் 1600க்கு ஏற்றி மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ஓடவிட்டோம். சிவப்பு வரிகள் கொட்டின. வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டு தகடுகளில் ஒன்றுக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை.

அதை 1333இல் நிறுத்திவிட்டுப் புரொஸெஸரைச் சோதித்தோம். இதற்கு உதவியது பிரைம்95. 1996இல் தொடங்கிய மேர்சென் பகா எண் தேடலுக்காக எழுதப்பட்ட நிரல் இது; அந்தத் தேடலில் 2024இல் அகப்பட்ட எண்ணுக்கு 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள்! பிரமாண்டமான பெருக்கல்களைச் செய்து, முழு எண்ணாக வரவேண்டிய விடை முழு எண்ணிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதென்று அது பார்த்துக்கொண்டே போகும். விலகல் மிஞ்சினால் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். 4.5இல் நமது கணினி இரவெல்லாம் தேறியது. நண்பகலில் இருபது நிமிடத்தில் தோற்றது.

இந்த இரவு பகல் வித்தியாசம் நம்மைக் குழப்பிற்று. மலைநாட்டு இரவின் குளிர்ச்சிதான் அதற்குக் காரணம். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியே ஏழு சென்டிமீட்டர் தூரத்தைக் கடந்துவிட முடியாது. அவ்வளவு குறுகிய பொழுதில் கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகள் தம் வேலையை முடிக்க வேண்டும். வோல்டேஜைக் கூட்டினால் அவை விரைந்து இயங்கும். ஆனால் வெப்பமோ வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடிக்கொண்டு போகும். நாம் செய்த மாற்றத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1.8 மடங்கு வெப்பம். பெட்டியைத் திறந்தோம். விசிறியின் அடியில் கம்பளம் போலத் தூசி. வெப்பம் கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. தூசி தட்டிப் புதுப்பசை பூசி, பெருக்கெண்ணை 42க்கு இறக்கியபின் பகலிலும் தேறிற்று. மிகை வோல்டேஜ் செய்யும் கேடு நம்மைப் போன்ற அரைகுறைகளுக்கு மட்டும் உரியதன்று. 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரொஸெஸர்கள் சில அதனால் நிலைகுலைகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது.

ஆனால் அறுந்த கசெற்று? இளைஞரின் வாப்பா ஒரு காலத்தில் கசெற்று வியாபாரம் செய்தவர். அவரிடம் ஒட்டுநாடாச் சுருள் ஒன்று இன்னும் இருந்தது. மேசை விளக்கடியில் உட்கார்ந்து, கசங்கிய பகுதியை பிளேடால் சாய்வாக வெட்டி எடுத்து, முனைகளைப் பொருத்தினார். வெட்டிய துண்டு ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர். நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுவதால், போனது இரண்டு வினாடிப் பேச்சு.

இயல்பு வேகத்தில் மறுபடியும் பதிந்தோம். வெடிப்பு விழுங்கிய வாக்கியம் முழுமையாக வந்தது. வெட்டுண்ட இரண்டு வினாடியைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து இட்டோம். பாக்கியவசமாக அங்கே பழுதில்லை. அது ஒரு இருமல். இருமிவிட்டு, "எங்கே விட்டேன்?" என்று தந்தையார் சபையைக் கேட்கிறார். இரைச்சல் நீக்கும் நிரல் அந்த இருமலைத் தொடாதபடி பார்த்துக்கொண்டோம்.

கணினி இப்போது 3.3இலேயே ஓடுகிறது. இளைஞருக்கு இதில் மனக்குறை. "நாலு ரெண்டு தாங்கும் சேர், சோதிச்சுப் பார்த்தோமே" என்று வாசலில் காணும்போதெல்லாம் சொல்கிறார். பெட்டியில் இன்னும் ஒன்பது கசெற்றுகள் இருக்கின்றன. அவை முடியட்டும் தம்பி, பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.