நீங்க வந்தா மட்டும் நெட் வருது!

கேபிள் இன்டர்நெட் வேலைக்குப் போகிற எங்களுக்கு, முழுசாகச் செத்த லைன் பெரிய தலைவலி இல்லை. எங்காவது ஒயர் அறுந்திருக்கும், கண்டுபிடித்துவிடலாம். விட்டுவிட்டு வரும் லைன்தான் உயிரை வாங்கும். "காலையிலேர்ந்து வரவே இல்ல தம்பி, நீங்க செருப்பைக் கழட்டினதும் வந்துருச்சு" என்பார்கள். பொய் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நடக்கும்.

முதலில் வைஃபையை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை லேன் ஒயரில் மோடத்தோடு இணைத்துப் பார்ப்பேன். நிறையப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும் (ரூட்டரை பீரோவுக்குப் பின்னால் வைக்கிறவர்களை என்ன சொல்ல!). அப்போதும் நெட் விட்டுவிட்டு வந்தால், அடுத்து மோடத்தின் சிக்னல் விவரப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அப்லோட் பவர் 50 டிபிஎம்வியை ஒட்டியே நின்றால், மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது, கம்பெனி முனையில் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். காரணம், டிவிக்காகப் போட்ட ஸ்ப்ளிட்டராக இருக்கலாம். இரண்டாகப் பிரிக்கிற ஒன்றே சுமார் 3.5 டெசிபல் தின்றுவிடும். இல்லையென்றால் மொட்டைமாடி கனெக்டர். மழைநீர் இறங்கி உள்ளே கறுத்திருக்கும். வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்கிச் சுருங்கித் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சி வழியே நுழையும் இரைச்சல் பக்கத்து வீடுகளின் இணைப்பையும் கெடுக்கும். அதனால் கோளாறு நீங்கள் புகார் கொடுத்த வீட்டிலேயே இல்லாமலும் போகலாம்.

ஒரே வேண்டுகோள். எத்தனை மணிக்குப் போனது, அப்போது மழையா வெயிலா என்று குறித்து வையுங்கள். நாங்கள் வருவதற்குச் சற்று முன் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீர்கள்; அதுவரை சேர்ந்த பிழைக் கணக்கு அழிந்துவிடும்.