கம்பெனி பஸ்ஸில் ஏறிய நாவல்

காஞ்சிபுரத்தில் புத்தகக் கடை எங்கே என்று கேட்டால் நோட்டும் கோனார் உரையும் விற்கிற கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். நாவல் வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். வாழைத்தாருக்கும் ஷாம்பு பாக்கெட் சரத்துக்கும் நடுவில் ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் கிளிப்பில் தொங்குவார்கள். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. சில வருடங்களாக மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கிறது. அந்தச் சில நாட்களைக் கழித்துவிட்டால், 'நல்ல இலக்கியம்' என்று நீங்களும் நானும் சொல்லிக்கொள்கிற எதுவும் வருஷம் முழுக்க இந்த ஊரில் கண்ணில் படாது. ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். அதற்கு முதலில் புத்தகத்தின் பெயராவது காதில் விழுந்திருக்க வேண்டும்.

இதை வைத்து இந்த ஊர் வாசிக்காத ஊர் என்று முடிவுகட்ட முடியாது. பிள்ளையார்பாளையத்தில் என் பெரியம்மா தார் சுற்றும்போது அவருடைய இரண்டு கையும் வேலையில் இருக்கும். அதனால் வாசிக்கிற வேலை எனக்கு. தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி பாக்கெட் நாவல் வாசித்துத்தான் நான் தமிழ் கற்றுக்கொண்டேன். பாதி நாவலிலேயே பெரியம்மா சொல்லிவிடுவார், "இவந்தான்டி கொலைகாரன். சட்டைய மாத்திக்கிட்டு வந்தான் பாரு." முக்கால்வாசி சரியாக இருக்கும். அந்தப் புத்தகம் ஏழெட்டு வீடு சுற்றி, அட்டை கிழிந்து, முடிவுப் பக்கம் காணாமல் போய்த்தான் திரும்பி வரும். எந்தக் கணக்கிலும் வராத வாசகர்கள் அவர்கள்.

நான் இப்போது ஒரு அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடை பில்புக். இரண்டு வருடம் முன்னால் என் நண்பன் ஒரு நாவல் எழுதினான். ஊருக்கு வெளியே காலனியில் இருக்கிறான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் தலைமுறையில் தறிக்குழியில் இறங்கியவர்களைவிட விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறியவர்கள்தான் அதிகம். தறி இருந்த வீட்டுப் பிள்ளைகளும் தறி இல்லாத காலனிப் பிள்ளைகளும் முதல்முறையாக ஒரே சீட்டில் உட்கார்ந்தது அந்த பஸ்ஸில்தான். நாவலும் அந்த பஸ்ஸைப் பற்றியதே. நைட் ஷிப்ட், வட்டிக்காரன், ஒரு காதல், ஒரு கத்திக்குத்து. வேகமான கதை. கொச்சைப் பேச்சு, கெட்டவார்த்தை எல்லாம் உண்டு.

ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினோம். பெயர் வேண்டாம். இரண்டு யோசனை சொன்னார்கள். ஒன்று, அச்சுக்கூலியை நாங்களே கொடுப்பது. இரண்டாவது, கத்திக்குத்தைக் குறைத்து 'வலியை' கூட்டுவது. தலித் எழுத்தாளரிடம் வாசகர்கள் எதிர்பார்ப்பது அதைத்தானாம். "இப்படியே போட்டா யாருங்க வாசிப்பாங்க?" என்று முடித்தார்கள்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு நாட்டில் கிடைத்த பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் 'அர்பன் ஃபிக்‌ஷன்', 'ஸ்ட்ரீட் லிட்' என்று ஒரு வகை உண்டு. கறுப்பின எழுத்தாளர்கள் தங்கள் தெருவைப் பற்றி, தங்கள் தெருவுக்காக எழுதுகிற கதைகள். போதை, ஜெயில், பணம், காதல். 1999-இல் வந்த சிஸ்டர் சோல்ஜாவின் 'தி கோல்டஸ்ட் வின்டர் எவர்' நாவலுக்குப் பிறகு அது ஒரு அலையாகவே அடித்தது. ஆனால் அலைக்கு முன்னாலும் பின்னாலும் பலர் சொந்தக் காசில் அச்சடித்தவர்கள்தான். டெரி வுட்ஸ், பிலடெல்ஃபியாவில் வக்கீல் அலுவலகச் செயலராக இருந்தவர். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய 'ட்ரூ டு த கேம்' நாவலைத் தானே அச்சடித்து, கார் டிக்கியில் வைத்துத் தெருத்தெருவாக விற்றார். விக்கி ஸ்ட்ரிங்கர் சிறையில் இருந்தபோது எழுதிய நாவலை 26 பதிப்பகங்கள் மறுத்தன. வெளியே வந்து 2001-இல் அவரே போட்டார். பிறகு மற்றவர்களின் கதைகளையும் போட 'ட்ரிபிள் கிரவுன்' என்று பதிப்பகமே தொடங்கினார். இவர்களுக்கெல்லாம் முன்னால், 1991-இல், முன்பு ஐ.பி.எம்.மில் கம்ப்யூட்டர் விற்றவரான ஈ. லின் ஹாரிஸ் தன் 'இன்விசிபிள் லைஃப்' நாவலைக் கறுப்பினப் பெண்கள் வருகிற பியூட்டி பார்லர்களில் கொண்டுபோய் வைத்தார். தலை காய்கிற நேரத்தில் வாசிப்பார்கள் இல்லையா? மூன்று வருடம் கழித்துப் பெரிய பதிப்பகம் ஒன்று அதே நாவலை வாங்கிப் போட்டது.

பதிப்பகங்கள் கேட்ட அதே கேள்விக்கு, வாசகர் எங்கே உட்கார்ந்து காத்திருக்கிறாரோ அங்கே புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்து இவர்கள் பதில் சொன்னார்கள்.

பார்லர் கதையைச் சொன்னதும் நண்பன் சிரித்தான். "இது நம்ம ஊரு டெக்னிக்குடி." உண்மைதான். திராவிட இயக்க ஏடுகள் வளர்ந்ததே முடிதிருத்தகத்திலும் டீக்கடையிலும் படிப்பகத்திலும். ஒருவர் வாசிக்க பத்து பேர் கேட்பார்கள். நெசவாளர் வீட்டில் பிறந்த அண்ணா 1942-இல் 'திராவிட நாடு' வார ஏட்டை இதே காஞ்சிபுரத்திலிருந்துதான் தொடங்கினார். அதில் அரசியல் கட்டுரை மட்டுமா வந்தது? 'ரங்கோன் ராதா'வும் 'பார்வதி பி.ஏ.'வும் அதில் தொடராக வந்தவை. திருப்பமும் மர்மமும் உள்ள கதைகள். எழுத்துக்கூட்டி வாசிப்பவரையும் அடுத்த வாரம் வரை காத்திருக்க வைக்கணும் என்ற கணக்கு அதில் இருந்தது.

அதற்கும் முன்னால் போனால் பாதை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். வசையாகச் சொல்லப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பாக அச்சடித்தார். 1907-இல் அயோத்திதாசர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர்! யாருக்காக அச்சடிக்கிறோம் என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? அவர் எழுத்துகளைப் பிறகு காப்பாற்றி அச்சிட்டுக்கொண்டிருந்தவர்கள் கோலார் தங்கவயலில் இருந்த தமிழர்கள். அங்கே சித்தார்த்த புத்தகசாலை என்ற பெயரில் அந்த வேலை நடந்தது. அவருடைய சிந்தனைகள் தொகுக்கப்பட்டுப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக வந்தது 1999-இல். நடுவில் இருந்த அத்தனை வருடமும் அவர் தமிழின் பொதுவான புத்தக அலமாரியில் இல்லை. சுரங்கத் தொழிலாளர்களின் ஊரில் இருந்தார்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்ததும் பெரிய இலக்கியப் பதிப்பகம் வழியாக அல்ல. மதுரையில் இருந்த சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் போட்டது. இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கருப்புப் பிரதிகள் இருக்கிறது, நீலம் இருக்கிறது. நவயானா 2003-இலிருந்து ஆங்கிலத்தில் போடுகிறது. டெட்ராய்ட்டில் நூலகராக இருந்த டட்லி ராண்டல் 1965-இல் தன் வீட்டிலிருந்தே 'பிராட்சைட் பிரெஸ்' நடத்திக் கறுப்பினக் கவிஞர்களை அச்சுக்குக் கொண்டுவந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம் வரும்.

ஆனாலும் ஒரு இடைவெளி மிச்சமிருக்கிறது. இந்தப் பதிப்பகங்களின் புத்தகங்கள் சென்னையில் கிடைக்கும். உங்கள் கைக்கும் என் கைக்கும் வரும். கம்பெனி பஸ்ஸுக்கு வராது. பெரியம்மாவின் கைக்கு வராது. அவருக்கு வந்ததெல்லாம் பாக்கெட் நாவல். அதில் கதாநாயகன் பங்களாவில் இருப்பான். காலனிக்காரனோ தறிக்காரனோ வந்தால் சாட்சி சொல்லிவிட்டுப் போவான்.

நாங்களே அச்சடித்தோம். 176 பக்கம், பதினோரு ஃபாரம். 300 பிரதி. லேஅவுட் நான் இரவில் உட்கார்ந்து செய்தேன். அட்டைக்குச் சிவப்புப் பின்னணியில் ஒரு பஸ், பெரிய மஞ்சள் எழுத்து. பாக்கெட் நாவல் மாதிரியே இருக்கணும் என்பது அவன் பிடிவாதம். ஒரு பிரதிக்கு எழுபது ரூபாய்க்கு மேல் ஆனது. விலை 100. கடைக்காரருக்கு இருபது போக எங்களுக்குக் கையில் நிற்பது பத்துகூட இல்லை.

அவன் தெரு சலூனில் ஒரு பிரதியின் மூலையில் ஓட்டை போட்டு, ஊடை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் பத்து, காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பத்து. மிச்சம் அவன் பையில். விடிகாலை ஐந்து பத்துக்கு பஸ் வரும். ஒரகடம் போகிற ஒரு மணி நேரத்தில் வாசிப்பார்கள், இல்லை வாசித்தவர் பக்கத்து சீட்டுக்குக் கதை சொல்வார். நாலு மாதத்தில் 211 விற்றது. இரவல் போய்த் திரும்பாதது நாற்பது. சலூன் பிரதியை நூலோடு அறுத்துக்கொண்டு போனார்கள். அதைத்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனமாக வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது விமர்சனம் வலித்தது. நண்பனின் பெரியப்பா அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். காலனியின் அம்பேத்கர் மன்றத்தை முப்பது வருடமாக நடத்துகிறவர். அந்தத் தெருவில் டிகிரி வாங்கிய பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர். புத்தகத்தை முழுசாக வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். என்னையும் உட்காரச் சொல்லி, அவனிடம் கேட்டார்: "நம்ம பசங்க படிச்சு மேல வந்தத எழுதாம, ஏன்பா குடியையும் கத்தியையும் எழுதுன? நம்மளப் பத்தி அவன் என்ன பேசறானோ அதுக்கு நீயே சாட்சி எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

அவன் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. என் தெருவைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. அந்தக் கேள்வியின் கனம் எனக்கு வெளியிலிருந்துதான் தெரியும்.

அமெரிக்காவிலும் இதே குரல் எழுந்தது. 2006-இல் நிக் சைல்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். புத்தகக் கடையில் கறுப்பின இலக்கியப் பகுதிக்குப் போனால் அரைகுறை ஆடை அட்டைகள்தான் வரிசையாக இருக்கின்றன, என் புத்தகமும் அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அவமானமாக இருக்கிறது என்பது சாரம். கோபம் நியாயமானதுதான். ஆனால் கவனியுங்கள்: அந்தக் கடை கறுப்பின எழுத்து முழுவதையும் ஒரே அலமாரியில் அடுக்கியிருந்தது. வெள்ளை எழுத்தாளரின் குற்றக் கதைக்கு ஒரு பகுதி, காதல் கதைக்கு ஒரு பகுதி, இலக்கியத்துக்கு ஒரு பகுதி. கறுப்பினத்தவர் என்ன எழுதினாலும் ஒரே இடம். அந்த இடத்தில் ஒவ்வொரு அட்டையும் பக்கத்து அட்டையின் மானத்துக்குப் பொறுப்பாகிவிடுகிறது.

பெரியப்பாவின் பயமும் அந்த அலமாரியிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறார். அதில் எத்தனை கொலைகாரர்கள்! பெரியம்மா ஒருநாளும் "இந்தக் கொலைகாரனால அவன் ஜாதிக்கே கெட்ட பேரு" என்று சொன்னதில்லை. அவன் வெறும் கொலைகாரன், சட்டை மாற்றிக்கொண்டு வந்தவன், அவ்வளவுதான். என் நண்பனின் கதாநாயகன் கத்தியை எடுத்தால் மட்டும் ஒரு தெருவே கத்தி எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. காரணம், அந்தத் தெருவிலிருந்து வந்திருப்பது ஒரே ஒரு நாவல். ஒற்றை நாவல் ஒரு தெருவையே தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது.

சிறு பதிப்பகத்தின் வேலை சிறந்த ஒரு புத்தகத்தைத் தேடிப் போடுவது என்றுதான் நாம் பேசிக்கொள்கிறோம். எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. நிறையப் போடணும். நல்லது, சுமார், அழுகை, சிரிப்பு, பேய், துப்பறியும் கதை எல்லாமே. எந்த ஒரு புத்தகமும் ஊருக்காகச் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை என்கிற அளவுக்கு நிறைய. அப்போது பெரியப்பா கேட்கிற நாவலும் வரும், இதுவும் இருக்கும். இரண்டும் சலூனில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்.

பெரியப்பாவிடம் இதைப் போய்ச் சொன்னேன். "நிறையப் போட காசு?" என்றார். சரியான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. ஆனால் போன மாதம் பஸ்ஸிலிருந்து மூன்று கையெழுத்துப் பிரதிகள் வந்திருக்கின்றன. ஒன்று வாட்ஸப்பில் வாய்ஸ் நோட்டாகவே வந்தது. எழுதியவர்களில் ஒரு அக்கா ஹாஸ்டலில் தங்கி அசெம்ப்ளி லைனில் வேலை பார்ப்பவர். அவருடையது கேன்டீனில் நைட் ஷிப்ட்டுக்கு மட்டும் வருகிற ஒரு பேயின் கதை. நாற்பது பக்க நோட்டு இரண்டு, பென்சிலில். டைப் அடித்து முடித்துவிட்டேன். ஐந்து ஃபாரம் வரும். விலையை அறுபதுக்குள் வைக்க முடியுமா என்று பேப்பர் கடையில் கேட்டிருக்கிறேன். நாளை சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.