சிரிக்க மட்டும் வரவில்லை

சென்ற ஆண்டு எமது பாடசாலையில் பெற்றாருக்கென ஒருநாட் கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. நகரத்திலிருந்து வந்து பேசிய இளைஞர் நல்லவர். தாம் கற்றதைப் பிறருக்கும் சொல்லிவிட வேண்டுமென்ற ஆர்வம் அவர் முகத்தில் இருந்தது. மூளையிலே தோன்றும் நான்கு இரசாயனப் பொருள்களே நமது மனநிலையை ஆளுகின்றன என்றார். டோபமைன், செரற்றோனின், என்டோர்பின், ஒக்சிற்றோசின் என அவற்றின் பெயர்கள் திரையில் நான்கு வண்ணங்களில் ஒளிர்ந்தன. காலை வெயிலில் நில்லுங்கள், நாள்தோறும் அரைமணி நேரம் நடவுங்கள், வாழைப்பழம் உண்ணுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள், காசு செலவின்றி மகிழ்ச்சி பெருகும் என்பது அவர் சொன்ன வழி.

பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து நின்றார். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மம்மா அவர். தாயும் தந்தையும் இல்லாத அப்பிள்ளையை அவரே வளர்த்து வருகிறார்.

“தம்பி, நான் விடியக்காலமை நாலு மணிக்கு எழும்புறன். வெய்யில் ஏறுமட்டும் தோட்டத்திலைதான் நிக்கிறன். தண்ணிக்கு நடக்கிறன், விறகுக்கு நடக்கிறன். வாழைப்பழம் வீட்டிலை குலையோடை கிடக்குது. சிரிக்க மட்டும் வரேல்லை. அதுக்கு வேறை ஏதும் இருக்கோ?”

மண்டபம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். கிழவி கேலி செய்கிறார் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கேலி செய்யும் முகமன்று. அந்த முகத்தை நான் பல ஆண்டுகள் என் வீட்டுத் திண்ணையிலே கண்டிருக்கிறேன்.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு நாங்கள் கொண்டுவரப்பட்டபோது எனக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சையை அவ்வாண்டு முகாமிலேயே எழுதினேன். அண்ணா எங்களுடன் வந்து சேரவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றி இங்கு எழுதுவதற்கில்லை. வன்னியில் அப்படியொரு வாக்கியம் இல்லாத வீடுகள் குறைவு. முகாமில் இருந்தவரை அம்மா ஓடித் திரிந்தார். தண்ணீர் வரிசை, உலர் உணவு வரிசை, பதிவு வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் நின்றார். ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள எமது காணிக்குத் திரும்பி, தகரக் கொட்டிலொன்று போட்டு, இனி உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆன பின்னரே அவர் இருந்துபோனார். அடுப்பு மூட்டமாட்டார். இரவு முழுதும் விழித்திருப்பார். கேட்டால் ஒரு பெருமூச்சு. பிறகு, “ஒண்டுமில்லைப் பிள்ளை, யோசினைதான்” என்ற ஒரே பதில். எம்மவர் பேச்சில் ‘யோசினை’ என்பது சிந்தனையன்று. அது ஒரு நோயின் பெயர். அதை நோயென்று ஒருவரும் சொல்வதில்லை என்பதே துன்பம்.

ஏழரைச் சனி என்றார் சாத்திரியார். நூல் கட்டினோம். சித்தி மட்டும் ஒளிவுமறைவின்றி, “அக்கா இப்ப சோம்பேறியாப் போனா” என்றார். பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தின் உரிப்பொருளைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, இரங்கலும் இருத்தலும் திணைகளாகத் தெரிந்தனவேயன்றி, வீட்டுத் திண்ணையில் இருந்தவர் இரங்கலின் எந்தத் துறையில் இருக்கிறார் என்று தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கந்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, வயிற்றெரிவென்று சாட்டுச் சொல்லி அம்மாவை மாவட்ட வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மனநல வைத்தியர் ஒருவர் அரைமணி நேரம் செலவிட்டார். மூளையின் நரம்புக் கலம் ஒன்று அடுத்த கலத்துக்குச் செய்தி அனுப்புவது ஓர் இரசாயனப் பொருளால் என்பதையும், நெடுநாள் அச்சமும் துயரமும் நித்திரையின்மையும் அந்தப் போக்குவரத்தைக் குலைத்துவிடக் கூடும் என்பதையும் வாய்க்காலையும் மதகையும் உவமை காட்டி விளக்கினார். அம்மா கமக்காரிச்சி அல்லவா, கவனமாகக் கேட்டார். இறுதியில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே.

“அப்ப, நான் சோம்பேறி இல்லையோ ஐயா?”

மனம் என்பது உடலைச் சாராத ஏதோ ஓர் ஆவியென்றும், அதற்கு வரும் துன்பம் ஊழென்றும் கிரகதோஷமென்றும் நம்பியிருந்த எமது வீட்டுக்கு, மனமும் பொருளிலே வேர் கொண்டது என்ற விஞ்ஞான உண்மை முதன்முதலாக வந்தது இப்படித்தான். அது வந்தவுடன் செய்த வேலை ஒரு மனுஷியின் தலையிலிருந்து பழியை இறக்கி வைத்தது. ஆகையால் கருத்தரங்கில் வந்த இளைஞரை நான் இகழ முடியாது. அவர் சொன்னதில் பாதி எம்மை மீட்டது. மற்றப் பாதி பற்றித்தான் என் வழக்கு.

இந்த அறிவு வந்த வழியும் சுவையானது. அதில் நமது பிரதேசத்து மூலிகையொன்றுக்கும் பங்குண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் சர்ப்பகந்தியின் வேரைச் சித்தப் பிரமைக்கும் குருதி அழுத்தத்துக்கும் கொடுத்துக் கண்ட பலனை, 1931 இல் கல்கத்தா வைத்தியர்களான கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் எழுதி வெளியிட்டனர். 1952 இல் சுவிற்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசேர்ப்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. குருதி அழுத்தத்துக்காக அதனை உண்டவர்களுள் சிலர் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்ததாக வைத்தியர்கள் எழுதினர். அம்மருந்து மூளையிலுள்ள செரற்றோனின் முதலானவற்றின் சேமிப்பைக் காலி செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அதே காலத்தில் நியூயோர்க்கில் காசநோய்க்கெனக் கொடுத்த இப்ரோனியாசிட் என்னும் மருந்தோ நோயாளரை உற்சாகத்தில் ஆழ்த்தியது. அது அதே பொருள்கள் சிதையாமல் காப்பது என்பதும் கண்டறியப்பட்டது. குறைந்தால் துயரம், கூடினால் களிப்பு என்ற கணக்கு இவ்விரண்டிலிருந்தும் பிறந்தது.

கணக்கு அழகானது, ஆனால் சரியானதன்று. செரற்றோனின் குறைவே மனச்சோர்வின் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2022 இல் இலண்டனில் ஜோனா மொன்கிரீவ் குழுவினர் எழுதினர். அதனால் மருந்து பயனற்றதென்று கொள்ளலாகாது. அது பலருக்கு உதவுகிறது, என் தாய்க்கும் உதவிற்று. காய்ச்சல் பரசிற்றமோலால் தணிகிறது. ஆனால் பரசிற்றமோல் குறைந்ததால் காய்ச்சல் வந்ததென்று யாரும் சொல்வதில்லை அன்றோ? மூளையைக் கடைத்தெருவின் நான்கு போத்தல்களாக எண்ணி, குறைந்ததை ஊற்றி நிரப்பலாம் என்பது மிக எளிமையான நம்பிக்கை. வாழைப்பழத்தில் செரற்றோனின் இருப்பது மெய்தான். ஆனால் உண்ட செரற்றோனின் குருதியிலிருந்து மூளைக்குள் புகுவதில்லை. இடையே ஒரு தடுப்பு இருக்கிறது. உடலிலுள்ள செரற்றோனினில் பெரும்பகுதி குடலிலேதான் இருக்கிறது, அங்கேயே தன் வேலையைச் செய்கிறது. வாழைப்பழம் பசிக்கு நல்லது. அதை அப்படியே சொல்லிக் கொடுக்கலாமே!

டோபமைனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அதனை இன்பத்தின் இரசாயனம் என்கிறார்கள். குரங்குகளின் மூளையில் வொல்பிராம் சுல்ற்ஸ் என்ற அறிஞர் செய்த பரிசோதனைகள் வேறு கதை சொல்கின்றன. எதிர்பாராத பழச்சாறு கிடைக்கும்போது அந்தக் கலங்கள் துடிக்கும். பழகிய பின், சாறு வருமென்ற அறிகுறி கண்டவுடனே துடிக்கும். அறிகுறி தோன்றியும் சாறு வராதுபோனால், வர வேண்டிய அந்த நொடியிலே அவற்றின் துடிப்பு வழமைக்கும் கீழே விழும். இதைப் படித்த இரவில் நான் குரங்கை நினைக்கவில்லை. தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்து, பிறகு தாழும் தலையை நினைத்தேன். 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தை நினைத்தேன். ஒவ்வொரு ஆணைக்குழுவும் ஓர் அறிகுறி. ஒவ்வொரு அறிகுறிக்குப் பின்னும் ஒரு வெறுமை. குரங்கின் மூளையிலிருந்து தாயின் துயருக்கு நேர்க்கோடு இழுக்க விஞ்ஞானம் எனக்கு அனுமதி தரவில்லை. ஆனாலும் அந்தத் தாய்மாரை நோக்கி, உங்கள் டோபமைனை இயற்கை வழியில் பெருக்குங்கள் என்று கூற எனக்கு வாய் வராது. அவர்கள் கேட்பது ஒரு பதில்.

நடையும் வெயிலும் பொய்யா? இல்லை. உடற்பயிற்சி மனச்சோர்வைத் தணிக்கிறது என்பது பரிசோதனைகளில் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை. ஆனால் அதே துறையில் இன்னொன்றும் கண்டிருக்கிறார்கள்: ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலசைவில் காணும் நன்மை, பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்பில் அவ்வாறு காணப்படுவதில்லை. எமது மூதாட்டியின் கேள்விக்கு விடை இதிலிருக்கிறது. கால்கள் இரண்டுக்கும் ஒன்றுதான். கூலிக்காரியின் மூன்று மைலும் உத்தியோகத்தரின் மூன்று மைலும் ஒன்றல்ல. முன்னவர் கடன் தவணையை எண்ணிக்கொண்டு நடக்கிறார்.

2009 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தி, 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 22 பேரளவில் மனச்சோர்வின் அறிகுறிகளையும் 32 பேரளவில் பதகளிப்பின் அறிகுறிகளையும் கண்டது. இடம்பெயர்ந்திருந்தோரிடம் அவை மிகுதி. ஐந்தில் ஒருவரது மூளை ஒரே காலத்தில் தற்செயலாகப் பழுதாகுமா? வன்னி மக்களின் இத்துயரைத் தனித்தனி மனிதரின் நோயாக மட்டும் காணாமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட கூட்டு மனவடு எனக் காணவேண்டும் என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் எழுதினார். மனநோய் வைத்தியர் ஒருவர், மருந்தின் அருமை அறிந்தவர், இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். 2017 தொடக்கத்தில் கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிகளுக்கு முன்னே ஏறத்தாழ ஒரு மாதம் இரவும் பகலும் இருந்து, மார்ச் 1 ஆம் நாள் அவற்றுள் கால் வைத்தார்கள். அன்று அவர்களுடைய நரம்புக் கலங்களில் என்ன நிகழ்ந்தது என்று யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் அதற்கும் ஒரு பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பெயர் காணியை மீட்டிருக்காது.

அம்மாவின் கதை நேராகச் செல்லவில்லை. மருந்து தொடங்கிச் சில கிழமைகளில் நித்திரை வந்தது. பிறகு பசி வந்தது. எட்டு மாதத்தின் பின் தாமாகவே நிறுத்திவிட்டார். கிளினிக்குக்குப் போகும் நாளில் கூலி போய்விடும், பஸ்ஸுக்கும் காசு வேண்டும். அத்துடன் ‘விசர்க் கிளினிக்’ வரிசையில் ஊரார் கண்டுவிட்டார்கள். மீண்டும் திண்ணை. மீண்டும் நான் விடுமுறை எடுத்து அழைத்துச் சென்றேன். இரண்டாம் முறைதான் வேறொன்று நிகழ்ந்தது. எமது கால் ஏக்கரில் அம்மா கச்சான் போட்டார். பிடுங்கிய கச்சானை ஆய்வதற்கு அயலிலுள்ள பெண்கள் மூவர் நால்வர் மாலையில் கூடினர். கை ஆயும், வாய் பேசும். ஒருநாள் அவர்களுள் ஒருவர் தம் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அம்மா அண்ணாவின் பெயரைச் சொன்னார். ஐந்து ஆண்டுகளில் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லப்பட்டது அன்றுதான். எல்லோரும் அழுதார்கள். உள்ளே இருந்து கேட்ட எனக்கு நெஞ்சு நடுங்கியது. பழையபடி ஆகிவிடுமோ என்று பயந்தேன். அன்றிரவு அம்மா நேரத்தோடு நித்திரை கொண்டார். மருந்தா, மண்ணா, மனிதரா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் எனக்கில்லை.

கருத்தரங்கு முடிந்த மறுவாரம் அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றேன். பேர்த்தியின் படிப்பைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டுதான் போனேன். நித்திரை எப்படி என்று கேட்டேன். “அது போய் கனகாலம் ரீச்சர்” என்றார். என் அம்மாவும் கிளினிக்குக்குப் போகிறவர்தான் என்று நான் சொன்னபோது, அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். ரீச்சருடைய தாயுமா என்று கேட்பதைப் போலிருந்தது அந்தப் பார்வை.

அடுத்த கிளினிக் நாளில் அவரும் அம்மாவும் ஒரே ஆசனத்தில் இருந்து பயணம் செய்தனர். நான் பின்னால் நின்றேன். செரற்றோனின் பற்றி அவர்கள் பேசவில்லை. இந்த முறை கச்சானுக்கு வியாபாரி என்ன விலை சொன்னான் என்று அம்மா கேட்டார். அவர் விலையைச் சொன்னதும், “அந்த விலைக்குக் குடுத்திட்டியளோ?” என்று அம்மா கோபத்தோடு திரும்பினார். பஸ் முள்ளியவளையைத் தாண்டும்வரை அந்த வழக்கு நடந்துகொண்டேயிருந்தது.