அரைப் புள்ளியின் அருமை

சதுரங்கத்தில் வென்றவருக்கு ஒரு புள்ளி, தோற்றவருக்கு ஒன்றுமில்லை, சமன் செய்த இருவருக்கும் அரைப் புள்ளி. பார்ப்போர் வெற்றியையே போற்றுவர். அரைப் புள்ளிக்குப் பின்னால் எத்துணை உழைப்பு மறைந்திருக்கிறது என்பதை ஆடியவரே அறிவர்.

கழகப் போட்டியொன்றின் இறுதிச் சுற்று அது. ஒருபுறம், பல்லாண்டு ஆடிப் பழகிய அலுவலக எழுத்தர். மறுபுறம், ஆட வந்து ஈராண்டு நிறையாத மாணவன். எழுத்தர் வென்றால் கேடயம் அவருக்கே. மூன்று மணி நேரம் கழிந்தது. இருவரிடமும் அரசனும் ஒரு யானையும் எஞ்சின. எழுத்தரிடம் மட்டும் ஒரு காலாள் மிகுதி. அவர் பக்கமிருந்து எண்ண, அது ஐந்தாம் வரிசையில் நின்றது. இன்னும் மூன்றே அடி வைத்தால் அரசியாகிவிடும். மாணவன் வீழ்ந்தான் என்றே சூழ நின்றோர் முடிவு கட்டினர்.

மாணவனோ கலங்கவில்லை. தன் அரசனைக் காலாளின் வழியில் நிறுத்தினான். யானையைத் தன் பக்கத்து மூன்றாம் வரிசையில் வைத்து, எதிரியின் அரசன் நுழையாதபடி வேலி கட்டினான். பிரெஞ்சு இசையமைப்பாளரும் சதுரங்க மேதையுமான பிலிடோர், 1777இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் விளக்கிய முறை இது.

எழுத்தர் யானையை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தார், வேலி அசையவில்லை. காலாள் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இருவரும் ஐம்பது முறை ஆடிவிட்டால் சமநிலை கோரலாம் என்பது விதி. வேறு வழியின்றிக் காலாளை ஆறாம் வரிசைக்குத் தள்ளினார். அதற்காகவே காத்திருந்த மாணவனின் யானை, பலகையின் மறுகோடிக்குப் பாய்ந்து, பின்னாலிருந்து அரசனை ஓயாது தாக்கியது. முன்னரே பாய்ந்திருந்தால், அரசன் ஆறாம் வரிசையில் புகுந்து காலாளையே மறைப்பாகக் கொண்டிருப்பான். இப்போது காலாள் முன்னே போய்விட்டது. அரசனுக்கு ஒதுங்க இடமில்லை.

எழுத்தர் சிறிது நேரம் பலகையையே நோக்கியிருந்தார். பின்னர்க் கை நீட்டினார். கேடயம் வேறொருவர் கைக்குப் போயிற்று.

"எங்கே கற்றாய், தம்பி?" என்று அவர் வினவியதில் கசப்பில்லை.

"பழைய பாடம்தான், ஐயா. ஒருநாள் படித்து வைத்தேன்" என்றான் மாணவன்.

படித்த அந்நாளில் அதன் பயனை அவன் எண்ணியிருக்கமாட்டான். பிலிடோர் மறைந்தது 1795இல். அவர் கண்ட உண்மையோ, முகமறியா மாணவன் ஒருவனுக்கு வேண்டிய பொழுதில் துணை நின்றது. கற்றது எந்த நாளில் கைகொடுக்கும் என்பதைக் கற்பவரும் அறியார், கற்பிப்பவரும் அறியார். கற்று வைத்திருத்தலே நம் கடன்.