எண்ணப்பட்ட காயங்கள்

எங்கள் மூதூர் கிழக்கிலே குதிரை என்றால் அது கோயில் வாகனசாலையில் நிற்கும் மரக்குதிரைதான். வேட்டைத் திருவிழாவன்று சுவாமியைச் சுமந்துகொண்டு வீதிக்கு வரும். ஆண்டின் மற்ற நாட்களில் தூசி படிந்து நிற்கும். உயிருள்ள குதிரையைக் கண்ணாற் கண்டவர்கள் எங்களுள் மிகச் சிலர். நெடுந்தீவுக்குப் போய் வந்த எவராவது அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் பற்றிச் சொன்னால் வாய் பிளந்து கேட்போம். அப்படிப்பட்ட நாங்கள், ஒரு குதிரையின் உடம்பில் ஏறிய ஆணிகளைப் பற்றி எங்கள் மாட்டுக் கொட்டிலில் நின்று ஒரு மாலை முழுவதும் பேச நேர்ந்தது. அந்தப் பேச்சு இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

காரணம் எங்கள் வண்டில் மாடு. அதன் வலத் தோளில் ஒரு வீக்கம். பழுத்து உடைந்து சீழ் வடியும். சில நாட்களில் ஆறியதுபோல் மூடிக்கொள்ளும். மறுமாதம் அதே இடத்தில் மீண்டும் வாய் திறக்கும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிப் பார்த்தோம். பயனில்லை. நுகத்தடி வைக்க முடியாத மாடு வீட்டில் நின்றால், அந்த வண்டிலை நம்பியிருக்கும் அடுப்பு எப்படி எரியும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மிருக வைத்தியர் வந்தார். பேராதனையிற் படித்த இளைஞர், அதிகம் பேசாதவர். “திறந்து மூடி, திறந்து மூடி வருகிற புண்ணென்றால் உள்ளே ஏதோ கிடக்கிறது ஐயா” என்று சொல்லிவிட்டு, விறைக்க ஊசி ஏற்றிக் கீறினார். விரல் நீளத்தில் ஒரு மரச்சிராய் வந்தது. எந்த வேலியின் கதியால் முறிந்து ஏறியதோ! நான் ஆறுதலாய் மூச்சுவிட்டேன். ஆனால் அவர் கையை எடுக்கவில்லை. புண்ணைச் சுற்றியுள்ள தோலை அமுக்கிப் பார்த்தவர், என் விரலைப் பிடித்து ஓரிடத்தில் வைத்தார். பயறளவில் மூன்று உருண்டைகள் தோலின் கீழே வழுக்கி ஓடின.

சன்னங்கள். காட்டுப் பன்றிக்கென்று வயலோரத்தில் எவரோ கட்டிவைத்த கட்டுத்துவக்கில் மாடு எப்போதோ அகப்பட்டிருக்கிறது. கந்தளாய்ப் பக்கத்தில் நாங்கள் அதை வாங்கிய நாளில் அவை உள்ளேதான் இருந்திருக்க வேண்டும். பல்லைப் பார்த்தோம், சுழியைப் பார்த்தோம். தோலைத் தடவிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

“இவற்றை எடுக்க வேண்டாமா?” என்று கேட்டேன். வேண்டாம் என்றார் வைத்தியர். மரம் மண்ணையும் கிருமியையும் தன் நாரிடுக்குகளில் ஏந்திக்கொண்டு உள்ளே போகிறது. ஆகவே அது வெளியேறும்வரை உடல் ஓயாமற் சீழ் வைத்துக்கொண்டே இருக்கும். உலோகம் அப்படியன்று. கிருமி சேராவிட்டால் அதைச் சுற்றி உடல் ஒரு நார்த்திசு உறையைக் கட்டி, உள்ளேயே சிறைவைத்துவிடும். மூட்டுக்குள் புகுந்த ஈயம் மட்டும் ஆபத்தானது; மூட்டு நீரில் கரைந்து இரத்தத்தில் நஞ்சாகக் கலந்துவிடும். தசையிற் கிடப்பது பெரும்பாலும் உறங்கும். ஊடுகதிர்ப் படத்தில் உறங்குகிற உலோகம் பளிச்சென்று தெரியும். சீழ் வைக்கிற மரம் தெரியாது. இது எவ்வளவு விசித்திரம்!

மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள்.

“அப்ப என்ர தோளுக்குள்ள கிடக்கிறதும் உறங்குதோ டொக்டர்?”

2006 ஏப்ரல் இறுதியில் சம்பூர்ப் பக்கம் வானிலிருந்தும் தரையிலிருந்தும் குண்டுகள் விழுந்த நாட்களில் அவளுடைய இடத் தோளில் ஏறிய எறிகணைத் துண்டு அது. இரத்தம் நின்றதே பெரிதென்றிருந்தது. வெருகல் கடந்து நடந்தோம். பின்னர் ஒரு வைத்தியசாலையில், நரம்புக்கு அருகே இருப்பதால் எடுப்பதைவிட விடுவதே மேல் என்றார்கள். அகதி முகாம்களில் ஆண்டுகள் கழிந்து, 2015 இலும் 2016 இலும் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபின் ஊர் திரும்பினோம். துண்டும் எங்களோடு திரும்பி வந்தது. மழைக் குளிரில் அவளாற் பால் கறக்க முடியாது. முதுகு வலிக்கென்று காந்தப் படம் எடுக்கச் சென்றபோது, உள்ளே இரும்பு இருக்கிறதா என்பதுதான் முதற் கேள்வியாக இருந்தது, உண்டென்றாள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். காந்தம் இரும்பை அசைத்துவிடக்கூடும் என்பது நியாயந்தான். ஆனால் அவளுக்குப் பட்ட துண்டு அவளுடைய வைத்தியத்தையும் மறித்துக்கொண்டு நிற்கிறதே!

எங்கள் மண்ணுக்கு இரும்பு வந்தது துறைமுகத்தின் ஆழத்தைத் தேடித்தான் என்று நான் நினைப்பதுண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்றின் மேல் ஒரு விமானம் விழுந்து எரிந்தது. கப்பல் நிறுத்த இடம் தேடியவர்கள் வேறு யாரோ. குடாவின் இக்கரையில் வலை இழுத்தவர்களும் மாடு சாய்த்தவர்களும் அந்த ஆழத்தால் அடைந்த பயன் என்ன?

அக்காவின் கேள்விக்கு வைத்தியர் உடனே பதில் சொல்லவில்லை. காயத்தைக் கழுவியபடி ஒரு குதிரையின் கதையைத் தொடங்கினார். அதன் பெயர் செஃப்டன். பிரித்தானிய அரண்மனைக் குதிரைப்படையைச் சேர்ந்தது. 1982 யூலை 20 ஆம் திகதி இலண்டன் ஹைட் பூங்காவின் ஓரமாகப் படை அணிவகுத்துச் செல்லுகையில், ஐரிஷ் குடியரசுப் படை ஒரு காரில் வைத்த ஆணிக் குண்டு வெடித்தது. நான்கு படையினரும் ஏழு குதிரைகளும் மாண்டனர். செஃப்டனின் கழுத்து நாளம் அறுந்தது, உடம்பெங்கும் ஆணிகள். எட்டு மணி நேரம் அறுவை நடந்தது. பிழைத்தது. பூங்கொத்துகளும் கடிதங்களும் பணமும் வந்து குவிந்தன. ஆறு இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்து, அரச மிருக வைத்தியக் கல்லூரியில் அதன் பெயராலேயே ஓர் அறுவைச் சிகிச்சைப் பிரிவு எழுந்தது. மீண்டும் சேவைக்குத் திரும்பி, குண்டு வெடித்த அதே இடத்தைக் கடந்தும் நடந்தது. 1993 இல், முப்பது வயதில் இறந்தது.

“எத்தினை காயம்?” என்றாள் அக்கா.

“முப்பத்து நாலு.”

“ஆர் எண்ணினது?”

வைத்தியர் கையை நிறுத்தினார். நானும் அவளைப் பார்த்தேன். குதிரை பிழைத்ததைவிட, ஒருவர் அருகே இருந்து அதன் காயங்களை ஒன்றொன்றாய் எண்ணினார் என்பதே அவளுக்கு அதிசயமாய் இருந்தது.

அந்தக் குதிரைமேல் எனக்குக் குறையில்லை. அது அயர்லாந்தில் பிறந்த குதிரை. அயர்லாந்தின் பெயரால் வைத்த குண்டே அதைக் கிழித்தது. இரு நாட்டின் வழக்கும் அதற்குத் தெரியாது. அன்று ஹைட் பூங்காவிலும் ரீஜன்ட் பூங்காவிலுமாக மாண்ட பதினொரு மனிதரின் பெயர்களைவிடக் குதிரையின் பெயரையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது என்பதும் அதன் குற்றமன்று. பெயருள்ள உயிருக்குத்தான் கணக்கும் உண்டு போலும்! எங்கள் மாட்டைப் பன்றியென்று நினைத்துக்கூட எவரும் சுடவில்லை. கட்டப்பட்ட ஒரு கம்பி இழுபட்டது, அவ்வளவுதான்.

நட்ட ஈட்டுக்காக அக்கா ஓர் அலுவலகத்துக்குப் போனாள். காயப்பட்ட திகதியையும் முதற் சிகிச்சையின் பத்திரத்தையும் கேட்டார்கள். பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. இரும்பு மட்டும் தொலையாமல் இருக்கிறது. தொட்டுப் பாருங்கள் என்று சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டியிருக்கிறாள். மேசைக்கு அப்பால் இருந்தவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாராம். அவரும் நல்லவர்தான் என்று அவளே சொன்னாள். படிவத்தில் விரலுக்கு இடமில்லை.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் எத்தனை பேர் இப்படி? நிலக்கடலை அறுக்கையில் முழங்கையை மடக்க முடியாத கிழவர் ஒருவர் இருக்கிறார். தலைமுடிக்குள் ஒரு மணியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய், இப்போது மணமாகிப் பிள்ளையும் பெற்றுவிட்ட பெண் ஒருத்தி. எல்லாரையும் நான் அறிவேன், எண்ணியதில்லை.

வைத்தியர் போனபின், பிள்ளைகள் எழுதி எறிந்த ஓர் அப்பியாசக் கொப்பியில் வெற்றுத்தாள் தேடி எடுத்தேன். அக்காவின் பெயர், இடத் தோள், 2006 என்று முதல் வரியை எழுதினேன். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“இதையும் எழுது தம்பி” என்றாள், மாட்டின் முதுகைத் தட்டி. “வலத் தோள். மூண்டு.”

எழுதினேன். பிறகு கொப்பியை மடக்கி இடுப்பிற் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுப் படலையைத் திறந்தேன்.