எனக்கென்னங்க?

2019 கார்த்திகையில் அன்னூர்ப் பக்கம் எங்கள் சின்னம்மா தவறிப்போனார். இன்னும் எடுக்கவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். என் அண்ணன் அவர்களுக்கு நடுவே போய் நின்று, "காப்பி இன்னொன்னு வருமா? சக்கரை தூக்கலா" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் வேலியோர இட்டேரியில் நிறுத்தி, "மனுசனா நீங்க?" என்றேன். அப்புறம் பதினோரு மாதம் அவரோடு பேசவில்லை.

அப்போது அவருக்கு 54 வயது. கோவை கணபதியில் இருவருக்கும் சேர்ந்து ஒரு லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்போம். எங்கே எழவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய், காடு வரை கூட நிற்கிற மனிதர் அவர். அவரா பேக்கரியில் பக்கத்து மேசைக் குழந்தையின் தட்டிலிருந்து தேங்காய் பன்னை எடுத்துத் தின்றார்? இத்தனைக்கும் சர்க்கரை நோய்க்காரர். நங்கை (அண்ணியை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது எட்டிப் பார்த்து, "சோறு ஆக்கலியா?" என்று மட்டும் கேட்டாராம். பணத்திமிர் என்றேன் நான். சகவாசம் சரியில்லை என்றது ஒறம்பரை (சொந்தபந்தம்).

இது நோயாக இருக்குமோ என்று நங்கைதான் முதலில் சந்தேகப்பட்டார். அதை அடித்துப் பேசியவன் நான். எனக்குத் தெரிந்த மூளை நோய் மறதி ஒன்றுதான். அண்ணனோ, 1994இல் எந்தக் கம்பெனிக்கு எத்தனை ஷாஃப்ட் போனது, என்ன அளவு, யார் பாக்கி வைத்தது என்று ஒப்பிப்பார். நங்கை கூட்டிப் போன முதல் டாக்டர் தேதி கேட்டார், ஊர் கேட்டார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். அண்ணன் தடங்கல் இல்லாமல் சொன்னதும், "நல்லாத்தான இருக்கறாரு" என்று அனுப்பிவிட்டார். அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் தீர்மானித்தேன்.

2020 கடைசியில் பட்டறையைப் பாகம் பிரித்துக்கொண்டேன். பத்திர ஆபீசில் நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மெயின் ரோட்டுப் பக்கம் எனக்கு, பின்பக்கம் அவருக்கு. எவ்வளவு அலட்சியம் என்று அதற்கும் கோபப்பட்டேன். ரோட்டுப் பக்கத்தை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மறுவருடம் பார்த்த நரம்பியல் டாக்டர் அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டு நங்கையிடம் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, 'க'வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னார். கத்தி, கல், கடை, மறுபடியும் கடை. அத்தோடு நின்றுவிட்டது. ஸ்கேனில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி சுருங்கியிருந்தது. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்றார்.

பெரும்பாலும் 45லிருந்து 65 வயதுக்குள் வருகிற வியாதி இது. பிராக் நகரத்து டாக்டர் ஆர்னால்ட் பிக் 1892லேயே எழுதிவைத்திருக்கிறார். 2023 பிப்ரவரியில் நடிகர் ப்ரூஸ் வில்லிஸுக்கும் இதுதான் என்று அவர் குடும்பம் சொன்ன பிறகுதான் எங்கள் ஒறம்பரையில் பாதிப்பேர் நம்பினார்கள். அல்சைமர் வழக்கமாக ஞாபகத்தில் கைவைக்கும். இது பலருக்கு ஞாபகத்தைச் சில வருடம் விட்டுவைத்து, கூச்சத்தையும் இரக்கத்தையும் முதலில் கொண்டுபோகிறது. தனக்கு நோய் என்கிற உணர்வும் கூடவே போய்விடுகிறது. அந்த உணராமைக்கு 1914இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு டாக்டர் அனோசக்னோசியா என்று பெயர் வைத்தார். பட்டறைக்காரனாக எனக்கு இப்படித்தான் புரிந்தது: மைக்ரோமீட்டரே கோளாறு என்றால், கடைந்த ஷாஃப்ட் சரியா தப்பா என்று எதை வைத்துப் பார்ப்பது?

"நீங்க எப்படிப்பட்ட ஆளுங்க?" என்று டாக்டர் அண்ணனைக் கேட்டார்.

"எனக்கென்னங்க? எழவுன்னா மொத ஆளாப் போவனுங்க. ஆரு மனசும் நோகப் பேசமாட்டனுங்க."

நங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய அண்ணன் அச்சு அசல் அப்படித்தான். இந்த நோயாளிகள் பலர் தங்களைப் பற்றிக் கேட்டால் நோய்க்கு முன்னால் இருந்த ஆளைத்தான் சொல்வார்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அன்னூர் எழவைப் பற்றிக் கேட்டேன். தலைமாட்டில் யார் உட்கார்ந்திருந்தது, காப்பி பேப்பர் கப்பில் வந்தது, இட்டேரியில் நான் கேட்ட அந்த இரண்டு வார்த்தை, எல்லாம் சொன்னார். செய்தி வாசிப்பது போலச் சொன்னார். "பேக்கரி தொறந்திருக்குமாடா?" என்று முடித்தார். மூன்றாவது தடவையாக அதைக் கேட்கிறார்.

நோயை நிறுத்த மருந்து கிடையாது. அல்சைமருக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்குப் பலன் தருவதில்லை, சிலருக்கு நடத்தையை இன்னும் கெடுக்கும் என்றார்கள். சர்க்கரை டப்பாவைப் பூட்டிவைத்தோம். பேக்கரிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். செல்போனிலிருந்து பணம் அனுப்பும் வசதியை எடுத்துவிட்டோம்.

போன தையில் ரோட்டுப் பக்கத்தை நங்கை பேருக்கு எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஆளாக மாறிவிட்டால், ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கூடவே வாழ்கிறவரைத் தனியாகப் பேசவிடுங்கள். அதுவரைக்கும் எந்தப் பத்திரத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.