மூணு மனு, ஒரு பட்டா

கீழப்பழுவூருக்கு முதல்முறையாக வரும் வெளியூர்க்காரர்கள் டீக்கடையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பழுவேட்டரையர் அரண்மனை எங்கேங்க இருக்கு?"

எல்லாம் கல்கி செய்த வேலை. 1950-ல் ஆரம்பித்து 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' இந்த ஊருக்கு நிரந்தர விளம்பரம் தந்துவிட்டது. 2022-லும் 2023-லும் படமாக வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்தபடி கார்கள் வந்து நிற்கின்றன. போய்ப் பார்க்க அரண்மனை இல்லை. சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இருக்கிறது. பக்கத்தில் மேலப்பழுவூரிலும் கீழையூரிலும் அழகான சோழர் காலத்துக் கற்றளிகள் இருக்கின்றன. வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு கிளம்பிப் போகிறார்கள்.

கதையில் பழுவேட்டரையர் சுரங்கப்பாதை, சதியாலோசனை என்று அலைகிறார். கல்வெட்டுகளில் இருக்கும் பழுவேட்டரையர்கள் வேறு மாதிரி. கோயிலுக்கு விளக்கு வைக்கிறார்கள், நிலம் எழுதி வைக்கிறார்கள், வரி விவகாரம் பார்க்கிறார்கள். உத்தம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பழுவூரில் 'மன்றுபாடு' என்ற வரியை நந்திபுரத்தில் வாங்கும் முறைப்படியே வாங்க வேண்டும் என்கிறது. 'அங்கே என்ன கணக்கோ அதுதான் இங்கேயும், இஷ்டத்துக்கு வாங்காதே' என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன். ஆயிரம் வருடத்துக்கு முன்பு, ஊர் ஜனங்கள் வந்து போகும் இடத்தில், சர்க்கார் தன் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. அரண்மனையைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

என் அத்தைக்குக் கல்வெட்டெல்லாம் தெரியாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரே வீடு, ஒரே திண்ணை. ஆனால் அவர் விலாசம் மட்டும் ஊர் சுற்றியிருக்கிறது. முதலில் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரி 1-ல் அரியலூர் மாவட்டம். அடுத்த வருடமே அதைக் கலைத்துவிட்டு மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பர் 23-ல் மறுபடி அரியலூர். திண்ணையை விட்டு இறங்காமலே மூன்று மாவட்டம் பார்த்தாயிற்று, அதில் இரண்டை இரண்டு தடவை!

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது ஜோக். அங்கே இருப்பவர்களுக்கு பஸ் சார்ஜ். கலெக்டர் ஆபீஸ் திருச்சியில் இருந்தபோது, திங்கட்கிழமை மனு கொடுக்கப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அரியலூர் என்றால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காலையில் போய்விட்டு மத்தியானம் வந்து சோறாக்கலாம். சர்க்கார் பக்கத்தில் வருவது என்றால் அத்தைக்கு அதுதான் அர்த்தம்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், சமீப வருடங்களில் சர்க்கார் இன்னும் பக்கத்தில் வந்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தார்கள். அத்தையின் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வந்தன. "நர்ஸம்மா பேர் சொல்லிக் கூப்பிடுது தம்பி. உன் மாமாகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றார். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எதிர்வீட்டுப் பொடியன் ரவா கிச்சடிக்காகவே சீக்கிரம் எழுந்திருக்கிறான் என்று அவன் அம்மா சொன்னார். காலை ஏழு மணிக்கு வயல் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு இது சோற்றுக் கணக்கோடு முடிகிற விஷயம் அல்ல. பிள்ளை பட்டினியாகப் போகிறானே என்ற நினைப்பு இல்லாமல் குனிந்து நாற்று நடலாம்.

குறை சொல்வதற்கு முன்னால் இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும். அதுதான் மரியாதை.

இப்போது பட்டா கதை.

மாமா காலமான பிறகு, முக்கால் ஏக்கர் புன்செய் நிலத்தை அத்தை பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. இ-சேவை மையத்தில் பதிந்தோம். செல்போனில் ஒரு எண் வந்தது. அத்தை அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். சில வாரம் கழித்து 'நிராகரிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி. ஏன் என்று அதில் இருந்ததை எனக்கே இரண்டு தடவை படித்தும் புரியவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனால், சொல்ல வேண்டியவர் கேம்பில் இருக்கிறார் என்றார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். இந்தக் கதை எந்த ஊரில் வேண்டுமானாலும் நடக்கும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஒரு மனு. இரண்டாவது எண். 2024 ஜூலையில் 'மக்களுடன் முதல்வர்' முகாம் கிராமங்களுக்கும் வர ஆரம்பித்தது. ஷாமியானா, நாற்காலி, துறைவாரியாக மேஜை, தண்ணீர் கேன் என்று கல்யாண வீடு மாதிரி ஏற்பாடு. அங்கேயும் ஒரு மனு. மூன்றாவது எண்.

நான் ஊருக்குப் போனபோது அத்தை நோட்டை எடுத்து நீட்டினார். "மூணு மனு இருக்கு தம்பி. பட்டா ஒண்ணுதான் இல்லை."

கடைசியில் விஷயம் எப்படி முடிந்தது தெரியுமா? அத்தையின் தெருவில் ஒரு வார்டு உறுப்பினர். ஊராட்சித் தேர்தலில் ஜெயித்தவர். ஒரு சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் பரப்பினார். வாரிசுச் சான்றிதழில் மாமாவின் இனிஷியல் ஒன்று, பழைய பத்திரத்தில் வேறொன்று. "இதானே கோளாறு? ரெண்டும் ஒரே ஆள்தான்னு எழுதி வாங்கணும் அத்தாச்சி. நாளைக்கு நான் கூட வர்றேன்" என்றார். போனார். அங்கே நின்று, 'இவங்க இன்னார் சம்சாரம், எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்' என்று சொன்னார். அடுத்த மாதம் பட்டா வந்துவிட்டது.

மூன்று மனுக்களும் அத்தையை ஒரு எண்ணாகப் பார்த்தன. அந்த மனிதர் அத்தையாகப் பார்த்தார். இத்தனைக்கும் அவர் தியாகி ஒன்றும் இல்லை. அடுத்த தேர்தலில் அத்தை வீட்டில் இருக்கும் நாலு ஓட்டு அவருக்கு வேண்டும், அவ்வளவுதான். அந்த நாலு ஓட்டுக்குப் பெயர்தான் உள்ளாட்சி.

வருத்தமான பகுதி இனிமேல்தான். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு அந்த வார்டு உறுப்பினரின் பதவிக்காலம் முடிந்தது. அவருக்கு மட்டுமில்லை, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளிலும் அன்றைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒரு அதிகாரி, பல ஊராட்சி. கையெழுத்துப் போடவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். அத்தையின் இனிஷியலை அவர் எங்கே தேடுவது?

இது முதல் தடவையும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை, இட ஒதுக்கீட்டு அறிவிப்பில் இருந்த குறைகளுக்காக உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு தள்ளித் தள்ளி 2019 டிசம்பர் கடைசியில்தான் தேர்தல் நடந்தது. மூன்று வருடத்துக்கு மேல் ஊராட்சித் தலைவரே கிடையாது. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தபோது, ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதினார்கள். சட்டசபைக்கு ஐந்து வருடம் முடிந்து தேர்தல் வரவில்லை என்றால் நாடே அமளிப்படும். ஊராட்சிக்கு வரவில்லை என்றால் பேப்பரில் ஆறாம் பக்கம்.

2025 ஜூலை 15-ல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கின. தமிழ்நாடு முழுக்கப் பத்தாயிரம் முகாம் என்று திட்டம். கிராமங்களில் 15 துறை, 46 சேவை, 45 நாளில் தீர்வு என்றார்கள். அதற்கு முன், 2024 ஜனவரியிலேயே, கலெக்டர் மாதத்தில் ஒரு நாள் ஒரு தாலுகாவில் தங்கி ஆய்வு செய்யும் 'உங்களைத் தேடி, உங்கள் ஊரில்' திட்டம் வந்தது. நல்ல முயற்சிகள்தான். பஸ் ஏற முடியாதவர்களுக்கு முகாம் வரப்பிரசாதம். ஆனால் முகாம் முடிந்ததும் ஒரு அறிக்கை வரும் பாருங்கள்: 'இத்தனை ஆயிரம் மனுக்கள் பெறப்பட்டன.' அதைச் சாதனையாகப் படித்துவிடுகிறோம். இத்தனை ஆயிரம் வேலைகள் சாதாரண நாளில் சாதாரண மேஜையில் நடக்கவில்லை என்பதும் அதே எண்ணிக்கைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2010-ல் மத்தியப் பிரதேசம் பொதுச் சேவை உரிமைச் சட்டம் கொண்டு வந்தது. குறித்த நாளுக்குள் சான்றிதழ் தராவிட்டால், பொறுப்பான அதிகாரிக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 5,000. அந்தப் பணத்தை விண்ணப்பித்தவருக்கே நஷ்ட ஈடாகத் தரவும் அதில் வழி உண்டு. பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. தமிழ்நாட்டிலும் பல வருடங்களாகச் சமூக ஆர்வலர்கள் இதைக் கேட்டு வந்திருக்கிறார்கள். சட்டத்தால் எல்லாம் மாறிவிடாது. ஆனால் 'பணிந்து வேண்டிக்கொள்கிறேன்' என்று மனு எழுதுகிற கை, 'எனக்குச் சேர வேண்டியது ஏன் வரவில்லை' என்று எழுத ஆரம்பிக்கும். அந்த ஒரு வரி மாறுவதற்கு எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கிறது.

இன்னொரு வழி கையிலேயே இருக்கிறது. கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் சேர்ந்தன. ஊராட்சியின் வரவு செலவை ஜனங்கள் முன்னால் படிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து, "அந்த போர்வெல்லுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கலாம். கல்வெட்டில் வெட்டி வைத்த கணக்கின் இந்தக் காலத்து வடிவம் அதுதான். அத்தையும் ஒரு தடவை போயிருக்கிறார். "என்ன கேட்டீங்க?" என்றேன். "லாரி புழுதியைப் பத்திக் கேட்டேன். எழுதிக்கிட்டாங்க." பிறகு ஒரு சின்ன பெருமையோடு சேர்த்துக்கொண்டார்: "மைக்குல பேசினேன்டா."

மனு கொடுக்கும்போது கை கூப்ப வேண்டியிருக்கிறது. மைக்கில் பேசும்போது நிமிர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. அத்தையின் குரலில் அந்த வித்தியாசம் தெரிந்தது. புழுதி குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியில் விரல் வைத்தாலே பதில் கிடைத்துவிடும்.

இதெல்லாம் கிராமத்து சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிற பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு தகவல். நகரங்களுக்கும் வார்டு கமிட்டி, பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்து, அந்த நவம்பர் 1-ல் கூட்டங்களும் தொடங்கின. உங்கள் தெரு எந்தப் பகுதி சபையில் வருகிறது, கடைசியாக எப்போது கூடியது, உங்கள் கவுன்சிலர் பெயர் என்ன? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் நீங்கள் என் அத்தைக்குச் சமம். தெரியாவிட்டால், இந்த வாரம் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். மனு எழுத வேண்டாம், சும்மா கேளுங்கள்.